இனிமேல் புத்தகம் அனுப்ப வேண்டாம், அக்கா

பெருமதிப்புக்குரிய தமக்கை கசுவே அவர்களுக்குத் தம்பி ஷிகெகி பணிவோடு எழுதிக்கொள்வது.

பனிக்காலம் வாசல்படி வரை வந்துவிட்ட இந்நாளில் தாங்களும் அத்தான் அவர்களும் செந்தாய் நகரில் சளி, இருமல் இன்றி நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அகிதாவில் மலைப்பக்கம் முதல் பனி விழுந்து, விழுந்த வேகத்தில் கரைந்தும் போய்விட்டது. நான் நலம். முட்டி மட்டும் நலமில்லை. தாங்கள் அன்போடு அனுப்பிய புத்தகப் பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். அக்கா, மரியாதைக்காகத் 'தாங்கள்' என்று தொடங்கிவிட்டேன். சின்ன வயதில் என் தலையில் குட்டின கையை நினைத்துக்கொண்டு இந்தத் 'தாங்களை' இழுத்துக்கொண்டு போவது சிரமமாக இருக்கிறது. நடுவில் 'நீ' என்று எழுதிக்கொள்கிறேன், முடிக்கும்போது மறுபடி மரியாதைக்கு வந்துவிடுகிறேன்.

விஷயம் இதுதான். என் பெண் ஹியோரிக்கு இனிமேல் புத்தகம் அனுப்பாதே. நீ அனுப்பிய பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. அதற்கு முந்தைய பெட்டியையும் பிரிக்கவில்லை. இரண்டும் நுழைவாயிலில் செருப்பு அலமாரி பக்கத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கின்றன, நான் அதில் உட்கார்ந்துதான் ஷூ மாட்டுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. இன்னொன்றும் உன்னிடம் கேட்க வேண்டும், அதைக் கடைசியில் கேட்கிறேன். முதலிலேயே கேட்டால் நீ மிச்சத்தைப் படிக்காமல் போன் போட்டுவிடுவாய். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வந்துவிடும். ரயில் ஓட்டுகிறவன், சீருடையில் இருக்கும்போது போன் வந்தால் என்ன செய்வது? அதனால்தான் கடிதம்.

என் வேலை உனக்குத் தெரியும். கண்ணால் பார்த்தால் போதாது, விரலும் நீட்ட வேண்டும், வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். 'சிக்னல் பச்சை, சரி!' 'கதவு மூடியது, சரி!' யாரும் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்ட அன்றைக்குத்தான் விபத்து நடக்கும் என்று பயிற்சியில் மண்டையில் ஏற்றிவிட்டார்கள். இத்தனை வருடம் இப்படியே ஓட்டினால் வீட்டுக்கு வந்ததும் விரல் மடங்குமா? காஸ் அணைத்தது, சரி! குளியல் தொட்டி மூடியது, சரி! புத்தாண்டுக்கு நீ வந்தபோது சோற்றுப் பானையை நோக்கி விரல் நீட்டியதற்கு நீ விழுந்து விழுந்து சிரித்தாயே, அதேதான். மினாகோ என்னையும் மகளையும் விட்டுப் போன அன்று வாசலில் நின்று, 'பெட்டி இரண்டு, குடை ஒன்று, சரி!' என்று அவள் சாமான்களைக் காட்டிச் சொன்னவன் நான். ஒருவேளை சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஹியோரி மட்டும் சிரித்தாள், அப்போது அவளுக்குப் பத்து வயது.

போன வருடம் அவள் நடுநிலைப்பள்ளியில் சேர்ந்தாள் அல்லவா, அன்றிலிருந்து என் காலை வண்டியில்தான் போகிறாள். ஒற்றைப் பெட்டி ரயில், ஓட்டுகிறவனும் நான், சீட்டு வாங்குகிறவனும் நான். தலைக்கு மேலே ஒரு கண்ணாடி, அதில் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் தெரிவார்கள். வேலை நேரத்தில் அவள் எனக்குப் பயணி, நான் அவளுக்கு ஓட்டுநர், ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியாது. ஆனால் பார்க்கலாம். இடது பக்கம் மூன்றாவது இருக்கை. கையில் புத்தகம், அதன்மேல் புத்தகக் கடையில் மடித்துப் போட்டுத் தரும் பழுப்புக் காகித உறை. மற்ற பிள்ளைகள் போனைத் தேய்த்துக்கொண்டு வருவார்கள், என் பெண் மட்டும் புத்தகத்திலிருந்து தலை நிமிர மாட்டாள். ஒவ்வொரு நிலையத்திலும் கதவு, சிக்னல் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் கண்ணாடியைப் பார்த்து, 'ஹியோரி, படிக்கிறாள், சரி!' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வண்டியை எடுப்பேன். விரலும் கொஞ்சம் நீளும். முன்னால் உட்கார்ந்திருக்கும் முதியவர்கள் நான் எதையோ சோதிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்படிச் சும்மா இருந்தவனைக் கெடுத்தது காலைப் பத்திரிகை. ஜூன் மாதம் ஒரு செய்தி போட்டான். புத்தகம் படிக்கப் பிடித்த பதின்வயதுப் பிள்ளைகள் மற்றவர்களைவிட மனநலத்தோடு இருக்கிறார்களாம், யாரோ ஒரு பேராசிரியர் ஆராய்ந்து சொல்லியிருந்தார். அதைப் படித்ததும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அம்மா இல்லாத பெண்ணை ஒரு ஆம்பிளை தனியாக வளர்க்கிறானே, என்ன ஆகுமோ என்று நாலு வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல்லை யாரோ தூக்கி எடுத்த மாதிரி இருந்தது. கத்தரித்துக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தேன். காய்ச்சல் பார்க்க ஒரு கருவி இருப்பதுபோல மகள் மனதைப் பார்க்கவும் ஒரு கருவி கிடைத்துவிட்டது என்று நம்பினேன். கையில் புத்தகம் இருக்கிறதா? இருக்கிறது. அப்போது காய்ச்சல் இல்லை.

ஜூலையில் ஆசிரியர், பெற்றோர், பிள்ளை மூன்று பேரும் உட்கார்ந்து பேசும் சந்திப்பு. வகுப்பாசிரியர் ஒரிகாசா இளைஞர், நல்லவர், தன் நிழல் யார் மேலாவது விழுந்தாலும் மன்னிப்புக் கேட்பார். அவர், "வீட்டுல ஹியோரி எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

"படிக்கிறா சார்!"

"இங்கயும் அப்படித்தாங்க. சாப்பாடு முடிஞ்சதும் எல்லாரும் கும்பல் கும்பலா வெளியில ஓடிருவாங்க. ஹியோரி மட்டும் இடத்தைவிட்டு எழுந்திரிக்கவே மாட்டா. புத்தகமும் கையுமாத்தான் இருப்பா."

"எழுந்திரிக்கவே மாட்டாளா?" என்று நான் பூரித்துப்போய்க் கேட்டேன்.

"மாட்டா!" என்று அவரும் பூரித்துப்போய்ச் சொன்னார்.

நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துத் தலை குனிந்துகொண்டோம். நடுவில் ஹியோரி மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடக்கம் என்று நினைத்தேன். இப்போது அந்தச் சந்திப்பை நினைத்தால் என்னால் உட்கார முடியவில்லை அக்கா, எழுந்து அறையைச் சுற்றி வருகிறேன். ஒரு பிள்ளை, 'பேச ஆள் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்' என்று பலகையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பாராட்டியிருக்கிறோம்.

அதோடு விட்டேனா? பிள்ளை இவ்வளவு படிக்கும்போது அப்பன் படிக்காமல் இருப்பது அசிங்கம் என்று நகர நூலகத்தில் உறுப்பினராகி, இருப்பதிலேயே தடித்ததாக ஒரு சரித்திர நாவலை எடுத்துவந்தேன். எனக்கு ஓய்வு கிடைப்பது குளியல் தொட்டியில்தான். வெந்நீரில் கழுத்துவரை இறங்கி, இரண்டாம் பக்கம் திருப்புவதற்குள் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது நாவல் என் வயிற்றின் மேல் ஊறிக்கொண்டிருந்தது. காய்ந்த தோஃபுவை நீரில் போட்டால் எப்படி ஊதும், அப்படி ஊதிப்போய்விட்டது. அதைக் கூரைக்கம்பியில் துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்டபோது ஹியோரி வந்து பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, சண்டை போடப்போன வீரனெல்லாம் ஜலதோஷம் பிடிச்சுச் சாகப் போறான்" என்றாள். நூலகத்தில் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டேன். இருந்தாலும் அவள் சிரித்தது லாபம் என்று வைத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பு எத்தனை மாதத்துக்குப் பிறகு வந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது தொபினாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ரயில் நிறுவனத்தில் விளம்பரப் பிரிவுத் தலைவர். விளம்பரப் பிரிவில் அவர் ஒருவர்தான் இருக்கிறார், ஆகவே அவருக்கு அவரே தலைவர். ஆள் ஏறாத ரயிலுக்கு ஆள் ஏற்ற வருடத்துக்கு ஒரு யோசனை கண்டுபிடிப்பார். போன வருடம் ரயிலில் நண்டு சூப் கொடுத்து மூன்று நாள் இருக்கை கழுவினோம். இந்த வருடம் 'படித்துக்கொண்டே போகலாம், எங்கள் ரயிலில்' என்று ஒரு பிரச்சாரம். ஒரு நாள் என் வண்டியில் ஏறினார், ஹியோரியைப் பார்த்தார், சன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்துவிட்டார். "குராமொச்சி, இது உன் பொண்ணாமே! நடிக்க ஆள் பிடிச்சாலும் இப்படி வராதுப்பா. போட்டுரலாமா?" என்று கேட்டார். நான் பெற்றோர் கையெழுத்து போட்டுக்கொடுத்தேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் வெட்கப்பட்டு வேண்டாம் என்பாள், நேரில் பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று என் கணக்கு. செப்டம்பர் கடைசியில் எல்லா நிலையத்திலும் சுவரொட்டி வந்தது, ரயிலுக்குள் அவள் உட்காரும் இருக்கைக்கு நேர் எதிரிலும் ஒன்று. உறை போட்ட புத்தகத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹியோரி. நான் சீருடைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நிலையத்தில் நின்று, அதற்கும் விரல் நீட்டினேன்.

மறுநாள் காலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள். சுவரொட்டியைப் பார்த்தார்கள். பிறகு அவள் வகுப்புப் பெண் ஒருத்தி தன் பென்சில் டப்பாவை எடுத்து, கண்ணுக்கு நேராகத் தூக்கி, தலையைச் சற்றே சாய்த்து, படிக்கிற மாதிரி வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவன் தன் பேஸ்பால் கையுறையைத் தூக்கிப் படித்தான். இன்னொருவன் காலணியைக் கழற்றிப் படித்தான். ஒரு நிமிடத்தில் பெட்டி முழுக்க ஆளுக்கு ஒன்றைத் தூக்கிப் படித்துக்கொண்டிருந்தது. லீக் வெங்காயக் கட்டோடு வந்த ஒரு பாட்டியம்மாள், பிள்ளைகள் ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துத் தானும் வெங்காயத்தைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். எல்லாம் கண்ணாடியில் தெரிந்தது. நான் திரும்பக் கூடாது. பேசக் கூடாது. என்னால் முடிந்ததெல்லாம் சிக்னலைச் சொல்வதுதான். 'சிக்னல் பச்சை, சரி' என்றேன், குரல் பிளந்துபோய் வந்தது, அதற்கும் சிரித்தார்கள்.

ஹியோரி புத்தகத்தை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டாள், முகம் மறையும்வரை. அப்போதுதான் நான் முதல்முறையாக அவளைக் கண்கொட்டாமல் பார்த்தேன். பாலம் போனது, சுரங்கம் போனது, இரண்டு நிலையம் போனது. அவள் பக்கம் திருப்பவே இல்லை. நேற்றும் திருப்பினாளா? போன மாதம்? எவ்வளவு யோசித்தாலும் அவள் விரல் ஒரு தாளைத் திருப்பி நான் பார்த்த ஞாபகம் வரவில்லை. தினமும் பார்த்தேன் என்று சத்தியம் செய்வேன். எதைப் பார்த்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மறுநாள் வயிற்று வலி என்றாள். அதற்கு மறுநாளும். சீருடை போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு, நுழைவாயிலில் ஷூ மாட்ட உட்காருவாள், அப்படியே உட்கார்ந்திருப்பாள். நான் வண்டிக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிடுவேன். திரும்பி வரும்போது சீருடையோடு அறையில் படுத்திருப்பாள். அக்டோபரிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை அக்கா. இடது பக்கம் மூன்றாவது இருக்கையில் இப்போது யாராவது உட்கார்ந்தால் எனக்குக் கோபம் வருகிறது, காலியாக இருந்தால் அதைவிட மோசமாக இருக்கிறது. ஆசிரியர் ஒரிகாசா வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறார், வகுப்புத் தாள்களையும் மதியச் சாப்பாட்டில் கொடுத்த புட்டிங்கையும் கொண்டுவந்து கொடுக்கிறார். அவள் அறையை விட்டு வருவதில்லை. அவர் வாசலில் நின்றுகொண்டே, "எனக்கு ஒண்ணுமே புரியலைங்க. நல்லாத்தானே இருந்தா. காலை வாசிப்பு நேரத்துல அவ அளவுக்கு அசையாம படிக்கிற பிள்ளை வகுப்புலயே கிடையாது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன். புட்டிங்கை யார் சாப்பிடுவது என்று தெரியாமல் இரண்டு பேரும் பாதிப் பாதியாகச் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ செய்தியில் பார்த்திருக்கலாம், பார்க்காமலிருந்தால் நல்லது. அந்தச் சுவரொட்டிகளை எடுத்துவிடச் சொல்லித் தொபினாயிடம் கேட்டேன். வருடக் கடைசிவரை இருக்கும், அச்சடித்துவிட்டோம் என்றார். சரி, நானே எடுத்துவிடுகிறேன் என்று வேலை முடிந்ததும் சீருடையோடு ஒவ்வொரு நிலையமாக இறங்கி, பெஞ்சில் ஏறிக் கழற்ற ஆரம்பித்தேன். எங்கள் வழித்தடத்தை மூடப்போகிறார்கள், மூடப்போகிறார்கள் என்று பத்து வருடமாகப் பேச்சு உண்டு. ஆள் இல்லாத நிலையத்தில் ஓட்டுநர் ஒருவன் சீருடையோடு பெஞ்சில் ஏறிச் சுவரைக் காலி செய்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மூன்று நிலையம் முடிப்பதற்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் கூட்டம். 'எங்கள் ரயிலைப் பறிக்காதே' என்று துணியில் எழுதித் தலையில் கட்டிக்கொண்டு முதியவர்கள் வந்துவிட்டார்கள். தொலைக்காட்சிக்காரனும் வந்துவிட்டான். ஆப்பிள் தோட்டக்காரர் ஒருவர் எழுந்து, "எனக்குத் தெரியாதா? மொதல்ல போஸ்டரைக் கழட்டுவான், அப்புறம் பெஞ்சைக் கழட்டுவான், அப்புறம் தண்டவாளத்தைக் கழட்டுவான்! ஆஸ்பத்திரிக்கு நாங்க நடந்து போகணுமா?" என்று கத்தினார். தொபினாய் வியர்த்து வழிந்து என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

"ரயிலை யாரும் நிறுத்தலைங்க. என் பொண்ணு ஸ்கூலுக்குப் போறதை நிறுத்திட்டா. அதான் கழட்டினேன்."

தோட்டக்காரர் என்னையே பார்த்துவிட்டு, "அப்ப ரயில் ஓடுமா?" என்று கேட்டார்.

"ஓடுங்க."

"அப்ப சரி" என்று உட்கார்ந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். ஆமாம் அக்கா, கை தட்டினார்கள். பாதிப்பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களுக்கு ரயில் வேண்டும். ஆனால் அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு நின்றபோது இந்த உலகத்தில் எனக்கு ஒருத்தரும் இல்லை என்று இருந்தது. உடனே, ஹியோரிக்கு ஒவ்வொரு நாளும் மதியம் இப்படித்தான் இருந்திருக்குமோ என்றும் தோன்றியது.

மறுநாள் எனக்கு ஓய்வு. மதியம், அடியில் கணப்பு வைத்த கோதாட்சு மேஜைக்குள் காலை நீட்டி, அதன் கனத்த போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டுக்கொண்டு சூட்டில் உட்கார்ந்திருந்தேன். அறைக் கதவு திறந்தது. ஹியோரி தானாக வெளியே வந்தாள்.

"கூட்டத்துல என்னைப் பத்திச் சொன்னியாமே? பக்கத்து வீட்டு அம்மா வாசல்ல ஆப்பிள் பையை வெச்சுட்டு, 'எல்லாம் சரியாப் போயிரும் கண்ணு, ரயிலே நிக்கலையே'ன்னு கத்திட்டுப் போறாங்க."

"ஆமாம்மா. சொல்லிட்டேன்."

"சரி" என்று எதிரில் உட்கார்ந்து காலைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டாள்.

நான் குளிர்பதனப் பெட்டிக் கதவைக் காட்டினேன். "பேப்பர்ல அப்படித்தானே போட்டிருந்தான். படிக்கிற பிள்ளைங்க நல்லா இருப்பாங்கன்னு."

"பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைத்தான் படிக்கிறேன். படிக்கப் பிடிச்சவங்க நல்லா இருக்காங்கன்னு போட்டிருக்கு. புத்தகத்தைத் தூக்கிப் பிடிச்சவங்கன்னு எங்க போட்டிருக்கு?"

"உனக்குப் பிடிக்கும்தானே?"

"பிடிச்சுது. ஆறாம் கிளாஸ் வரைக்கும் ரொம்பப் பிடிச்சுது." கொஞ்ச நேரம் மேஜையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். "சும்மா தனியா உட்கார்ந்தா, அய்யோ பாவம், தனியா இருக்காம்பாங்க. புத்தகம் இருந்தா, படிக்கிறாம்பாங்க. அதுக்காகத் தூக்கினேன். தூக்கித் தூக்கி இப்ப எந்தப் புத்தகத்தைப் பார்த்தாலும் வயிறு வலிக்குது. அத்தை அனுப்பினதைப் பார்த்தாலும் வலிக்குது. அத்தைகிட்ட சொல்லாதே."

சொல்லிவிட்டேன், மன்னித்துவிடு. நான் சொன்னதாக அவளிடம் காட்டிக்கொள்ளாதே.

"ஸ்கூல்ல நல்லா இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள். "காலையில பத்து நிமிஷம் எல்லாரும் வாயைத் திறக்காம படிக்கணும்ல, அது. அந்தப் பத்து நிமிஷம் எல்லாரும் என்னை மாதிரியே இருப்பாங்க. மணி அடிச்சதும் புத்தகத்தை மூடிட்டு அவங்கவங்க பக்கத்துல திரும்பிப் பேச ஆரம்பிச்சுருவாங்க. நான் மூட மாட்டேன்."

அக்கா, இதைக் கேட்டு ஒரு அப்பன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உனக்குத் தெரிந்திருக்கும். நான், "ஆப்பிள் வெட்டட்டுமா?" என்று கேட்டேன். "வெட்டு" என்றாள். முழுதும் தின்றோம். தின்று முடித்ததும் அவள் அறைக்குப் போய்விட்டாள். நான் அந்தச் செய்தியைக் கதவிலிருந்து எடுத்துச் சுருட்டிப் போட்டேன். பிறகு பேராசிரியர் பாவம் சரியாகத்தானே சொல்லியிருக்கிறார் என்று நீவி எடுத்து மறுபடி ஒட்டினேன். பிறகு மறுபடி எடுத்துவிட்டேன்.

இப்போது கடைசியில் கேட்கிறேன் என்றதைக் கேட்கிறேன். ஹியோரியை நீ அழைத்துக்கொண்டு போ. உங்கள் மாடி அறை காலியாகத்தானே இருக்கிறது. ஜனவரியில் அங்கே ஒரு பள்ளியில் சேர்த்துவிடலாம், பெரிய நகரம், சுவரொட்டியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். உனக்குப் பேச வரும், அவள் வயதுப் பெண்ணிடம் என்ன கேட்பது, எப்போது சும்மா இருப்பது என்று தெரியும். எனக்கு விரல் நீட்டத்தான் தெரியும். வீடு வெறிச்சென்று ஆகிவிடும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் இல்லாவிட்டால் சாயங்காலம் விளக்கு எரியாத வீட்டுக்குத்தான் வர வேண்டும், அதற்கும் பழகிக்கொள்வேன். சனிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போய்விடு. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீ வந்து சொன்னால் கேட்பாள்.

நிற்க. குளிர் நாளுக்கு நாள் கூடும் காலம். தாங்கள் தொண்டையைப் பார்த்துக்கொள்ளவும். அத்தானின் இடுப்பு வலிக்கு என் தனிப்பட்ட விசாரிப்புகளைத் தெரிவிக்கவும். புகை போட்ட முள்ளங்கி ஊறுகாய் தனிப் பொட்டலமாக அனுப்பியுள்ளேன், அவர் உப்பைக் குறைக்க வேண்டும் என்றால் தாங்களே சாப்பிட்டுவிடவும். வரும் வருடம் இரு குடும்பத்துக்கும் நோயில்லாமல் நன்மையாகவே அமைய வேண்டுகிறேன்.

தங்கள் பணிவுள்ள தம்பி,
குராமொச்சி ஷிகெகி

பி.கு.: சனிக்கிழமை வராதே. மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. உறை தேடி அலமாரிக்குப் போய்த் திரும்புவதற்குள் ஹியோரி மேஜையில் உட்கார்ந்து இதை முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். பிடுங்கப் போனேன், கை வரவில்லை. ஓரிடத்தில் சிரித்தாள். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. படித்து முடித்துத் தாள்களை அடுக்கிவைத்துவிட்டு, "நான் செந்தாய் போகல. அங்க போனாலும் மதியம் ஆச்சுன்னா புத்தகத்தைத் தூக்கிட்டுத்தான் உட்கார்ந்திருப்பேன்" என்றாள். பிறகு, "இதையெல்லாம் எங்கிட்ட சொல்லலாமே? நான் இந்த வீட்டுலதானே இருக்கேன்" என்றாள். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றேன். "அத்தைக்குச் சொல்லத் தெரியுதுல்ல?" என்றாள். "ஸ்கூலுக்குப் போவியா, சாப்பிட்டியா, படிச்சியா, இது மூணையும் விட்டுட்டு வேற ஏதாவது கேளு, பதில் சொல்றேன்" என்று எதிரில் உட்கார்ந்துவிட்டாள். பதினாலு வருடம் வளர்த்த பெண்ணிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி தோன்றவில்லை அக்கா. தோன்றும்வரை இதை எழுதிக்கொண்டிருக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். அவள் இன்னும் போகவில்லை, உட்கார்ந்துதான் இருக்கிறாள். "இன்னும் அத்தைக்குத்தான் எழுதிட்டிருக்கியா?" என்று கேட்கிறாள். நிறுத்திக்கொள்கிறேன்.